குடும்ப வருத்தம் என்று குளிசையை விடலாமா?



எங்கள் வாப்பாவுக்கு பிரஷர் இருந்தது. வாப்பும்மாவுக்கும் இருந்தது. இப்போது உடன்பிறந்த நாங்கள் ஐந்து பேரில் மூன்று பேருக்கு இருக்கிறது. போன மாதம் கிளினிக் போய்வந்த ராத்தா சொன்னா, "இது நம்மட குடும்ப வருத்தம். குளிசை போட்டு என்ன மாறப்போகுது?"

வாப்பாவும் இதைத்தான் சொன்னார். தலையிடி இல்லை, தலைசுற்று இல்லை என்று குளிசையை விட்டார். ஒரு வேளாண்மை வெட்டு நேரம் பாரிசவாதம் வந்து, மூன்று வருடம் கட்டிலில் கிடந்து மவுத்தானார். அதனால்தான் இந்தப் பதிவு.

குடும்ப வருத்தம் என்பது பொய்யில்லை. ஆனால் குடும்பத்தில் வருவது என்ன?

சாதாரண தரப் பிள்ளைகளுக்கு சிறுநீரகத்தியின் படம் கீறிப் படிப்பிக்கிறோமே, விஷயம் அதற்குள்தான் இருக்கிறது. ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ 10 லட்சம் சிறுநீரகத்திகள். இரண்டு சிறுநீரகமும் ஒரு நாளைக்கு சுமார் 180 லீற்றர் வடிக்கின்றன. அதனுடன் ஒரு கிலோவுக்கு மேல் உப்பும் வெளியே வருகிறது. அதில் நூற்றுக்கு 99 பங்கை அங்குள்ள கலங்கள் திரும்ப இரத்தத்துக்குள் எடுக்கின்றன.

நம் வயல் வாய்க்காலை நினைத்துப் பாருங்கள். மடையை எவ்வளவு திறப்பது என்று வட்டவிதானை சொல்வார். அந்தக் கலங்களிலும் உப்புக்கென்று மடைகள் உண்டு. அவற்றை எப்படிச் செய்வது, எவ்வளவு திறப்பது என்ற கட்டளை நம் பரம்பரை அலகுகளில் இருக்கிறது. அதில் சிறு வித்தியாசம் இருந்தால் மடை கொஞ்சம் கூடத் திறந்து நிற்கும். உப்பு கூடினால் தண்ணீரும் கூடும், குழாய்க்குள் அமுக்கமும் ஏறும்.

1963 இல் அமெரிக்க வைத்தியர் லிடில் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். இள வயதிலேயே அவர்களுக்குக் கடும் பிரஷர். 1994 இல் காரணம் தெரிந்தது: வேலை முடிந்ததும் அகற்றப்பட வேண்டிய உப்பு மடை, கலத்தின் மேலேயே தங்கிவிடுகிறது. அந்தக் குடும்பத்தின் முதல் நோயாளிக்கு வேறொருவரின் சிறுநீரகம் பொருத்தியதும் பிரஷர் இறங்கியது. குற்றம் சிறுநீரகத்தில் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

லிடில் கண்ட வருத்தம் மிக அபூர்வம். நம்மைப் போன்றவர்களுக்கு ஒரே பழுது என்று இல்லை. பிரஷரோடு தொடர்புள்ள ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்களை ஆய்வாளர்கள் பரம்பரைப் பொருளில் கண்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு துளிதான் கூட்டும். சில வித்தியாசங்கள் பிரஷரைக் குறைக்கவும் செய்யும். அதனால்தான் ஒரே வயிற்றில் பிறந்த ஐந்து பேரில் இரண்டு பேர் தப்பியிருக்கிறோம்.

ராத்தாவிடம் நாங்கள் சொன்னது இதுதான். மடை நம் கையில் இல்லை, ஆனால் வாய்க்காலில் விடும் உப்பு நம் கையில். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவு. மட்டமாக ஒரு தேக்கரண்டிதான். கருவாடு, அச்சாறு, மிக்சர் எல்லாம் அந்தக் கணக்குக்குள்தான். மற்றது, கிளினிக்கில் சிலருக்குத் தரும் 'தண்ணிக் குளிசை' இருக்கிறதே, அது அடைப்பதே அந்த உப்பு மடைகளில் ஒன்றைத்தான். குடும்ப வருத்தம் என்பது குளிசையை விடுவதற்கு அல்ல, ஒழுங்காகப் போடுவதற்குத்தான் காரணம்.

ராத்தா யோசித்துவிட்டுக் கேட்டா: "அப்ப வாப்பாட பிரஷரும் இறங்கியிருக்குமா?"

எங்களில் ஒருவருக்கும் வாய் திறக்க முடியவில்லை.

இப்போது ராத்தா குளிசை போடுறா. 32 வயதுத் தம்பியும் போய் அளந்துவிட்டு வந்தான். உங்கள் உம்மா வாப்பாவுக்கு பிரஷர் இருந்தால், வருத்தம் தெரியட்டும் என்று காத்திருக்காமல் இந்தக் கிழமையே அளந்து பாருங்கள். வைத்தியரைக் கேட்காமல் குளிசையை நிறுத்தாதீர்கள்.

எங்கள் வாப்பாவுக்காக துஆச் செய்யுங்கள்.