தன் நெஞ்சிலிருந்து எடுத்துக் கொடுத்தவர்

குன்னூரில் குடியிருக்கும் எங்களுக்கு ராணுவம் என்பது அண்டை வீடு மாதிரி. பக்கத்திலேயே வெலிங்டன், மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் அங்கேதான் இருக்கிறது. என் மாமனாரும் அந்த ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

பீல்டு மார்ஷல் மானெக்‌ஷா ஓய்வுக்குப் பிறகு குன்னூரில்தான் வாழ்ந்தார். 1971 போரின்போது தரைப்படைத் தலைவராக இருந்தவர், நம் நாட்டின் முதல் பீல்டு மார்ஷல். 2008 ஜூன் 27ஆம் தேதி வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். வயது 94. அன்று மாமனாருக்குச் சாப்பாடே இறங்கவில்லை. ஏழு வயசுப் பேரனைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு ஒரு சம்பவத்தைச் சொன்னார். ராணுவத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் சம்பவம் அது. அடுப்படியில் இருந்தபடி நானும் கேட்டேன்.

1942 பிப்ரவரி மாதம். பர்மாவில் சிட்டாங் ஆற்றுப் பாலத்தருகே ஜப்பானியரோடு கடும் சண்டை. மானெக்‌ஷா அப்போது இருபத்தேழு வயசு கேப்டன். தன் கம்பெனியை முன்னின்று நடத்திப் போனவரின் வயிற்றில் இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்துவிட்டன. பிழைப்பார் என்று யாருக்கும் நம்பிக்கையில்லை. அங்கே வந்த கோவன் என்ற ஆங்கிலேய மூத்த அதிகாரி அவரைப் பார்த்தார். மிலிட்டரி கிராஸ் என்ற வீரப் பதக்கத்தை அந்தக் காலத்தில் இறந்தவருக்குக் கொடுக்க மாட்டார்கள். உயிரோடு இருக்கும்போதே கொடுத்தால்தான் உண்டு. கோவன் தன் சட்டையில் இருந்த அந்தப் பதக்கத்தின் வெள்ளையும் ஊதாவுமான ரிப்பனைக் கழற்றி, கீழே கிடந்த கேப்டனின் மார்பில் குத்தினாராம்.

மானெக்‌ஷாவின் ஆர்டர்லியான சீக்கியச் சிப்பாய் அவரைத் தூக்கிக்கொண்டு போய் மருத்துவர்களிடம் சேர்த்தார். என்ன ஆச்சு என்று ஆஸ்திரேலிய சர்ஜன் கேட்டதற்கு, கோவேறு கழுதை உதைத்துவிட்டது என்றாராம் மானெக்‌ஷா! இந்த நிலையிலும் தமாஷ் பண்ணுகிற ஆளைக் கைவிடக் கூடாது என்று சர்ஜன் கத்தியை எடுத்தார். அந்த வருஷமே பதக்கமும் முறைப்படி அறிவிக்கப்பட்டது.

பிற்காலத்தில் பீல்டு மார்ஷலாகப் போகிறவர் என்று கோவனுக்கு அன்றைக்குத் தெரியுமா? சாகப் போகிற பையன் என்றுதான் நினைத்திருப்பார். அவனால் இனித் தனக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை என்று தெரிந்தே செய்தார். என் மனசில் அதுதான் ஒட்டிக்கொண்டது.

அன்று கதை கேட்ட பையன் பட்டப்படிப்பு முடித்து, சென்னைப் பரங்கிமலையில் உள்ள ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமியில் சேர்ந்தான். பயிற்சி முடிந்த அன்று அவன் தோளில் நட்சத்திரம் குத்தும் பாக்கியம் எனக்கும் என் கணவருக்கும் கிடைத்தது. பெருமை ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அடிவயிற்றில் பயம். வடக்கே மலைப் பிரதேசத்தில் போஸ்டிங். குளிர் தாங்குவானா, உடம்புக்கு வந்தால் யார் பார்ப்பார்கள்? தாய் மனசு வேறு என்ன நினைக்கும்?

போன குளிர்காலத்தில் மூன்று நாள் அவனிடமிருந்து போன் இல்லை. நான் சாமி விளக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாள் புது நம்பரிலிருந்து அழைப்பு. "அம்மா, பயப்படாதீங்க. நான் ஹவில்தார் பேசறேன், திருநெல்வேலிக்காரன். லெப்டினன்ட் சாப்புக்குக் காய்ச்சல். இப்ப குறைஞ்சிட்டுது. கர்னல் சாப் பக்கத்துல இருக்காங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம்" என்றார்.

எனக்குக் கை நடுங்கியது. கர்னல் இந்தியில் ஏதோ சொல்ல, ஹவில்தார் தமிழில் சொன்னார். "டாக்டர் மருந்து குடுத்திட்டாரு. ஆனா சாப் சாப்பிட மாட்டேங்கறாங்க. காய்ச்சல்னா உங்க அம்மா என்ன தருவாங்கன்னு கர்னல் கேட்டதுக்கு, மிளகு ரசமும் குழைஞ்ச சாதமும்னு சொன்னாங்க. அதை எப்படி வைக்கிறதுன்னு நீங்க சொல்லணுமாம்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மிளகு, சீரகம், நாலு பல் பூண்டு தட்டிப் போடச் சொன்னேன். புளி இல்லை என்றார். தக்காளியே போதும், நுரைத்து வரும்போது இறக்கிடுங்க, கொதிக்க விடாதீங்க என்றேன். ஒவ்வொன்றையும் ஹவில்தார் இந்தியில் சொல்ல, "அச்சா, அச்சா" என்று கர்னலின் குரல் கேட்டது. சாயந்திரம் பையனே போனில் பேசினான். "அம்மா, உன் ரசம் மாதிரி இல்லே. ஆனா ரெண்டு டம்ளர் குடிச்சேன்."

நூற்றுக்கணக்கான ஜவான்களின் பொறுப்பைச் சுமக்கும் மனிதர். ஒரு சின்ன லெப்டினன்டின் ரசத்தைப் பற்றி அவர் ஏன் நினைக்க வேண்டும்? கோவனுக்கு இருந்த மனசுதான் இவருக்கும். அந்தக் கர்னலை நான் பார்த்ததில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு ராத்திரி தூக்கம் வருகிறது.

மாமியார், மூத்த ஓர்ப்படி, வீட்டு எஜமானி என்று நாமும் ஒவ்வொரு இடத்தில் பெரியவர்கள்தான். புதிதாக வந்த மருமகள் தலைவலியோடு அடுப்படியில் நிற்கலாம். வீட்டு வேலைக்கு வரும் பெண் ஜுரத்தோடு பாத்திரம் தேய்க்கலாம். பக்கத்து வீட்டில் பிரசவித்து வந்தவள் ராத்திரியெல்லாம் விழித்திருக்கலாம். அவர்களாக வாய் திறந்து கேட்க மாட்டார்கள். "நீ போய்ப் படும்மா, நான் பார்த்துக்கறேன்" என்று நாமே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும். அவளையும் ஒருத்தி பெற்று வளர்த்து, எங்கோ ஓர் ஊரில் கவலையோடு உட்கார்ந்திருக்கிறாள் அல்லவா?