பூவை மிதியாதே, மானை நெருங்காதே
(பயணத் தொடர் – 6)

டென்வரில் மகள் வீட்டிலிருந்து வடமேற்கே சுமார் 70 மைல் போனால் எஸ்டஸ் பார்க் என்ற சிற்றூர். 7,522 அடி உயரம், நம் ஊட்டியைவிடச் சற்றே அதிகம். ஊட்டியில் தொட்டபெட்டாவோடு ஏற்றம் முடிந்துவிடும். இங்கே ஊரைத் தாண்டிய பிறகுதான் ஏற்றமே தொடங்குகிறது. ராக்கி மலைத் தேசியப் பூங்காவின் வாசல் அது. உள்ளே நிற்கும் லாங்ஸ் சிகரம் 14,259 அடி.

ஜூலையில் ஒருமுறை, செப்டம்பர் கடைசியில் ஒருமுறை என்று இரண்டு தடவை போனோம். இரண்டுக்கும் காரணம் ஒன்பது வயதுப் பேத்தி. பூங்காவில் குழந்தைகளுக்குப் பாடம் நடக்கிறதாம். விடுமுறையில் கூடவா பாடம் என்று எனக்குக் கொஞ்சம் சலிப்புதான்.

பாடம் நடப்பது ஹிடன் வேலி என்ற பள்ளத்தாக்கில். 1955 முதல் 1991 வரை பனிச்சறுக்குத் தளமாக இருந்த இடம். விசைக்கம்பிகளைக் கழற்றிவிட்டார்கள், சரிவு மட்டும் புல் மூடிக் கிடக்கிறது. இப்போது கோடையில் அது ஜூனியர் ரேஞ்சர்கள் எனும் குட்டிப் பூங்காக் காவலர்களின் தலைமையகம். வயதுக்குத் தக்கபடி மூன்று வகைப் பயிற்சிப் புத்தகங்கள். வரைய வேண்டும், எண்ண வேண்டும், ரேஞ்சர் பேச்சைக் கேட்க வேண்டும். பக்கங்களை நிரப்பிக் காட்டினால் ரேஞ்சர் கேள்வி கேட்பார், வலக்கையைத் தூக்கச் சொல்லி உறுதிமொழி வாங்குவார், பிறகு சட்டையில் குத்திக்கொள்ள வில்லை. காசு கிடையாது.

ரேஞ்சர் உடையில் இருந்த இளம்பெண் மேஜைமேல் இரண்டு கொம்புகளை வைத்தார். ஒன்று எல்க் மானுடையது, கிளை கிளையாக. மற்றொன்று பிக்ஹார்ன் காட்டாட்டுடையது, சுருளாக. தூக்கிப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள் என்றார். எது ஆண்டுதோறும் உதிரும், எது சாகும்வரை தலையிலேயே இருக்கும்? பிள்ளைகள் கொம்பைச் சுரண்டினார்கள், தட்டிப் பார்த்தார்கள், சண்டை போட்டார்கள். பத்து நிமிடம் அவர் வாயைத் திறக்கவில்லை. மானின் கொம்பு எலும்பு, வசந்தத்தில் உதிர்ந்து மறுபடி முளைப்பது. ஆட்டுக்கொம்பின் மேலுறை நம் நகம் எதனால் ஆனதோ அதனாலேயே ஆனது, உதிராது. இந்த விடையைக் கடைசியில் சொன்னது ஒரு சிறுவன்தான், தன் நகத்தைக் கடித்துக்கொண்டே.

இந்தப் பொறுமைக்கு இந்த மலையில் நூறு வயதுக்கு மேல். ஈனாஸ் மில்ஸ் என்பவர் கான்சாஸிலிருந்து 14 வயதில் இங்கே வந்தார். லாங்ஸ் சிகரத்தின் அடியில் விடுதி நடத்தினார். 250 முறைக்கு மேல் அந்தச் சிகரத்தில் ஏறினார். விருந்தினர்களைக் காட்டுக்குள் கூட்டிப்போய் விளக்குவதை ஒரு தொழிலாகவே வளர்த்தார். வழிகாட்டுபவன் நடமாடும் கலைக்களஞ்சியம் ஆகிவிடக் கூடாது, ஆர்வத்தைக் கிளப்பிவிட்டு ஒதுங்க வேண்டும் என்பது அவர் கட்சி. 1915 ஜனவரி 26-ல் தேசியப் பூங்கா சட்டமாக அவர் எழுத்தும் பேச்சும் பெரிய காரணம். அவரிடம் பயின்ற எஸ்தர், எலிசபெத் பர்னெல் என்ற சகோதரிகள் 1917-ல் இயற்கை வழிகாட்டிகளாக உரிமம் பெற்றார்கள். தேசியப் பூங்காத் துறை அப்படி உரிமம் தந்த முதல் பெண்கள் அவர்களே. ஆனால் மரங்கள் முடியும் எல்லைக்கு மேலே தாங்களாகவே குழுவை அழைத்துப் போக அவர்களுக்கு அனுமதி இல்லை. இன்று அந்த எல்லைக்கு மேலே எங்களை அதட்டி வரிசையில் நிறுத்தியவரும் ஒரு பெண் ரேஞ்சர்தான்.

மேலே போக டிரெய்ல் ரிட்ஜ் சாலை. 48 மைல், உச்சியில் 12,183 அடி. சுமார் 11,400 அடியில் மரங்கள் குட்டையாகி, காற்றுக்குப் பயந்தவைபோல் ஒரே பக்கமாகச் சாய்ந்து, பிறகு இல்லாமலே போகின்றன. அப்புறம் துந்திரா. ஆல்பைன் பார்வையாளர் மையத்தில் (11,796 அடி) இறங்கியதும் எனக்குத் தலை வலித்தது. தண்ணீர் குடியுங்கள், மெல்ல நடங்கள் என்று எழுதிப் போட்டிருந்த பலகையைப் பிறகுதான் பார்த்தேன்.

மேற்கே தெரிந்த மலைத்தொடரின் பெயர் நெவர் சம்மர். 1914-ல் மலையேற்றச் சங்கத்தார் வயோமிங்கிலிருந்து அராபஹோ பழங்குடி முதியவர்கள் இருவரையும் மொழிபெயர்க்க ஒருவரையும் வரவழைத்து, இரண்டு வாரம் குதிரையில் சுற்றி, பழைய பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். கோடையே இல்லாத மலை என்ற பொருளில் அவர்கள் சொன்னதிலிருந்து வந்த பெயர் இது. மண்ணின் மக்களை வெளியேற்றிய பிறகு பெயரை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்ட கதை.

துந்திராவில் நடக்கும் பாடம் முழுக்க முழங்காலில். நிற்பவர் கண்ணுக்கு வெறும் புல்தரை. மண்டியிட்டால் விரல்நுனி அளவு நீலப் பூக்கள், மெத்தைபோல் அடர்ந்த இளஞ்சிவப்புப் பூக்கள். செடி வளர ஆண்டில் 40 நாள் கிடைத்தால் அதிகம். அந்த மெத்தைச் செடி முதன்முதலாகப் பூக்கப் பத்து ஆண்டுகூட ஆகுமாம். “அப்படின்னா இது என்னைவிடப் பெரியதா, தாத்தா?” என்று பேத்தி கேட்டாள். ஆமாம் என்றதும் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

சாலை போட்ட பிறகு காரை நிறுத்தியவர்கள் இறங்கி இஷ்டத்துக்கு நடந்தார்கள், தரை வழுக்கையானது. 1950-களின் கடைசியில் பியாட்ரிஸ் வில்லர்ட் என்ற தாவரவியலாளர் சாலையோரம் மிதிபட்ட துண்டு நிலங்களுக்கு வேலி போட்டு, நாற்பது ஆண்டுக் காலம் திரும்பத் திரும்ப வந்து, எந்தச் செடி மீண்டது என்று கணக்கெடுத்தார். மிக மோசமாகச் சிதைந்த இடம் பழையபடி ஆக நூற்றாண்டுகள் பிடிக்கும் என்பது அவருக்குப் புரிந்தது. அந்தத் துண்டு நிலங்கள் 2007-ல் அமெரிக்காவின் வரலாற்றுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தன. கோட்டையும் கோயிலும் இல்லை. நாலு பேர் மிதித்த தரை!

எனக்கு இந்தப் பூங்காவில் பிடித்ததே இதுதான். தன் தவறுகளை ஒளிக்காமல் பாடத்தில் வைத்திருக்கிறது. இறங்கும் வழியில் பாறைகள் விசிறிபோல் சிதறிக் கிடக்கும் ஓரிடம். 1982 ஜூலை 15 விடியற்காலையில், விவசாயிகள் பாசனத்துக்காகக் கட்டியிருந்த லான் ஏரியின் பழைய மண்ணணை உடைந்தது. மூன்று பேர் இறந்தார்கள், எஸ்டஸ் பார்க்கின் கடைத்தெருவில் வெள்ளம். சத்தத்தைக் கேட்டு முதலில் தொலைபேசியில் எச்சரித்தவர் குப்பை அள்ள வந்திருந்த ஒரு தொழிலாளி. தண்ணீர் உருட்டி வந்த பாறைகளில் ஒன்று 452 டன் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் அதன்மேல் ஏறி விளையாடுகிறார்கள்.

பெரியவர்களுக்கும் வகுப்புகள் உண்டு. பூங்காவுக்குத் துணையாக 1931-ல் தொடங்கிய சங்கம், இன்று ராக்கி மவுண்டன் கன்சர்வன்சி என்ற பெயரில், பறவை, காட்டுப்பூ, ஓவியம், புகைப்படம் என்று கட்டண வகுப்புகள் நடத்துகிறது. நாங்கள் எதிலும் சேரவில்லை. ரேஞ்சர்களின் இலவசப் பேச்சே போதுமானதாக இருந்தது.

செப்டம்பரில் அதே மலை வேறு மலையாகத் தெரிந்தது. ஆஸ்பென் மரங்கள் மஞ்சள் பூசி நின்றன. மாலை ஐந்துக்கு முன்பே மொரேன் பார்க் புல்வெளியின் சாலையோரம் மடக்கு நாற்காலிகள், போர்வைகள், பிளாஸ்க்குகள். திருவிழா நாடகத்துக்கு இடம்பிடித்த கூட்டம்தான், மேடை மட்டும் புல்வெளி. அது எல்க் மான்களின் இணைசேரும் பருவம். நம் ஊர்க் கடமானுக்குப் பெரியப்பா முறை சொல்லலாம். ஆண் 300 கிலோ வரும். அடித்தொண்டையில் தொடங்கும் அதன் குரல் சட்டென்று உச்சிக்கு ஏறி, சீவாளி சரியாக நனையாத நாயனம்போல் கீச்சிட்டு, பிறகு உறுமலில் இறங்குகிறது. பார்த்த உருவத்துக்கும் கேட்ட ஒலிக்கும் பொருத்தமே இல்லை. கூட்டத்தில் பாதிப்பேர் சிரித்தார்கள்.

அங்கே பாடம் சொல்பவர்கள் தொண்டர்கள், பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். போக்குவரத்தை ஒழுங்கு செய்துகொண்டே விளக்குகிறார்கள். 75 அடி தள்ளி நிற்க வேண்டும். கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள், விலங்கு விரலுக்குள் மறையாவிட்டால் பின்னால் போங்கள். செப்டம்பர், அக்டோபரில் மாலை 5 முதல் காலை 10 வரை புல்வெளிக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. செல்போனோடு முன்னேறிய ஒருவரை ஒரு மூதாட்டி அதட்டிய அதட்டலில் அடுத்த கூவலே நின்றுவிட்டது.

இந்த மான்கள் இடையில் இங்கே இல்லவே இல்லை. இறைச்சிக்காகச் சுட்டே தீர்த்துவிட்டார்கள். 1913, 1914-ல் யெல்லோஸ்டோனிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அதற்குள் ஓநாய்களையும் தீர்த்திருந்ததால், பூங்காவில் வேட்டையும் கூடாது என்பதால், மான்கள் பெருகி வில்லோ, ஆஸ்பென் குருத்துகளை மேய்ந்து தள்ளின. வில்லோ போனதும் அதை நம்பியிருந்த பீவர்களும் குறைந்தன. 2008-லிருந்து மான் மட்டும் நுழையாதபடி, சிறு விலங்குகள் போகக் கீழே இடைவெளி விட்டு, புதர்களைச் சுற்றி வேலி போட்டு வருகிறார்கள். வேலிக்கு உள்ளே புதர் ஆளுயரம், வெளியே முழங்கால் உயரம். பேத்தி தன் புத்தகத்தில் இரண்டையும் வரைந்துகொண்டாள். ஓநாயை அவளாகவே சேர்த்தாள், வேலிக்கு வெளியே.

போக நினைப்பவர்களுக்கு: அக்டோபர் நடுவில் பனி விழத் தொடங்கினால் டிரெய்ல் ரிட்ஜ் சாலை மூடப்படும், திறக்க மே கடைசி ஆகும். கோடையில் பிற்பகல் இடிமின்னல் வழக்கம், நண்பகலுக்குள் மேட்டிலிருந்து இறங்கிவிடுங்கள். அமெரிக்காவில் நான்காம் வகுப்புப் படிக்கும் பேரப்பிள்ளை கூட இருந்தால் மொத்தக் காருக்கும் நுழைவு இலவசம். ஆனால் 2025 வரை அதற்கான சீட்டைக் காகிதத்தில் அச்சடித்துக் கொண்டுபோக வேண்டியிருந்தது. செல்போனில் காட்டினால் அப்போது ஏற்கவில்லை.