சப்பாணி முடிந்து வருகைக்கு முன்னால்



"டீச்சர், ரெண்டு வாரமா உங்க பதிவையே காணோமே, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று மூன்று பேர் உள்பெட்டியில் விசாரித்திருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. மூக்குக் கண்ணாடிக்குத்தான் ஒரு கால் போய்விட்டது. ஒடித்தவளுக்கு வயது பதினோரு மாதமும் சில நாள்களும். இன்று மதியம் அவள் தூங்குகிறாள், கண்ணாடியும் கடையிலிருந்து திரும்பி வந்துவிட்டது. ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். படம் எதுவும் போடவில்லை. பிள்ளையின் முகம் பொதுவில் வேண்டாம் என்பது என் மகளின் சட்டம். எழுத்துக்கு மட்டும் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் முழங்காலுக்குக் கீழே இப்போது ஒன்றுமே கிடையாது. செருப்பு அலமாரிக்கு மேலே ஏறிவிட்டது. ஊறுகாய் ஜாடி, அரிசி டப்பா, துடைப்பம் எல்லாம் பரணுக்கும் மேசைக்கும் குடிபோய்விட்டன. மின்சார ப்ளக்குகளுக்கு மூடி போட்டாயிற்று. குளியலறை வாளியில் இரவில் தண்ணீர் பிடித்து வைக்கும் நாற்பது வருஷப் பழக்கத்தையும் நிறுத்தியாயிற்று. எட்டிப் பார்க்கும் குழந்தைக்கு அரை வாளித் தண்ணீரே ஆபத்து. என் வீட்டுக்காரருக்குக் காலையில் முதல் வேலை, ஹால் முழுவதும் குனிந்து கீழே கிடப்பதைப் பொறுக்குவது. நமக்குக் கண்ணில் படாத கடுகு அவளுக்குப் படும். ஒன்பது, பத்து மாதத்தில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளிப் பிடிக்கப் பழகிவிடுகின்றன. பிற்காலத்தில் பேனா பிடிக்கப்போகிற பிடி அது. இப்போதைக்கு எறும்பு பிடிக்கிறாள்.

இதே மனிதர் முப்பது வருஷத்துக்கு முன்னால் சொந்த மகளைக் கழுத்து நிற்கும்வரை கையில் வாங்கியதில்லை. "வழுக்கி விழுந்திருமோன்னு பயமா இருக்கு" என்பார். இப்போது பேத்திக்குக் கால் கழுவி, துணி மாற்றி, பவுடரா வேண்டாமா என்று என்னிடமே வாதாடுகிறார். பேத்தி முதலில் சொன்ன வார்த்தை "தாத்தா" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். பிள்ளைகளா, இதில் கொஞ்சம் மொழியியல் இருக்கிறது. குழந்தைக்கு முதலில் வாகாக வருபவை உதட்டிலும் பல்லிலும் பிறக்கும் ஒலிகள். ப, ம, த. நம் முன்னோர் உறவுப் பெயர்களை அந்த ஒலிகளிலேயே வைத்திருக்கிறார்கள்: அம்மா, அப்பா, தாத்தா, மாமா, அத்தை. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பாட்டிக்குப் பெயர் ஆச்சி. 'ச்ச' என்ற ஒலிக்கு நாக்கு நடு அண்ணத்துக்குப் போக வேண்டும். அது கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். காத்திருக்கிறேன்.

என்னிடம் படித்தவர்களுக்கு ஒரு பழைய கேள்வி நினைவிருக்கும். "பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை எழுதுக." காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று ஏழு பருவம் இருபாலுக்கும் பொது. கடைசி மூன்று மட்டும் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் வேறு. மூன்றாம் மாதத்தில் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வருகை என்று ஒற்றைப்படை மாதங்களாகப் போகும். சில பாட்டியல் நூல்கள் மாதக் கணக்கைச் சற்று மாற்றிச் சொல்லும். முப்பத்து மூன்று வருஷம் இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். இந்த வருஷம்தான் வரிசைப்படி, விடாமல், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

ஐந்தாம் மாதம் குப்புறக் கிடந்து, கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி அவள் அங்குமிங்கும் ஆடியபோது, "இதுதான் செங்கீரை" என்று வாய்விட்டே சொன்னேன். காற்றில் கீரைத்தண்டு ஆடுகிற ஆட்டம் அது. ஒன்பதாம் மாதம் உட்கார்ந்தபடி இரண்டு கையையும் கொட்டினாள். முதலில் கை கையைச் சந்திக்கவில்லை, ஒன்று தவறி முழங்காலில் விழுந்தது. மூன்றாவது தடவை சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தில் அவளே திடுக்கிட்டாள். இப்போது கன்னத்தைக் காட்டினால் முத்தம் என்ற பெயரில் எச்சிலோடு ஒரு கடி கிடைக்கிறது. கீழே நான்கு, மேலே இரண்டு பல் இருக்கிறது.

இனி, ஏன் இதை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்கிறேன்.

என் மகளும் அரசுப் பள்ளி ஆசிரியை என்பது உங்களில் பலருக்குத் தெரியும். கணக்கு. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் பேறுகால விடுப்பு 12 மாதம். பிரசவத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே அவளுக்கு விடுப்பு தொடங்கியது. அதனால் பிள்ளையின் முதல் பிறந்த நாளுக்குப் பத்து நாள் இருக்கும்போதே முடிகிறது. காலாண்டு விடுமுறை கழிந்து பள்ளி திறக்கிற அன்று அவள் வேலையில் சேர வேண்டும்.

வீட்டில் ஒரு மாதமாக இதே பேச்சு. மருமகன் தூத்துக்குடியில் வேலை, காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் இரவு எட்டுக்குத்தான் வருவார். சொந்தத்தில் சிலர், "ஒரு வருஷம் சம்பளம் இல்லாம லீவு போடு, பிள்ளையைவிட வேலையா பெருசு?" என்றார்கள். வேறு சிலர், "அதான் ஆச்சி சும்மாதானே இருக்கா" என்றார்கள். ஆச்சிக்கு அறுபத்து நான்கு வயது. ஒரு முழங்கால் மாடிப்படியைக் கண்டாலே முணுமுணுக்கும். எட்டே முக்கால் கிலோவை இடுப்பில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க நிற்பது சும்மா இருப்பது ஆகாது. (பிறந்தபோது 2.9. ஒரு வயதுக்குள் பிறந்த எடை மூன்று மடங்காகும் என்பது சரியாகத்தான் இருக்கிறது.)

மகள் ஒரு நாள் ராத்திரி, பிள்ளை தூங்கின பிறகு, துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "எம்மா, நான் பிறந்தப்ப நீ எப்ப வேலைக்குப் போனே?"

அவள் பிறந்தது 1993. எங்களுக்கு அப்போது 90 நாள்தான். தொண்ணூற்று ஒன்றாம் நாள் காலை ஏழு மணிப் பேருந்தில் ஏறினேன். பள்ளிக்கூடம் இருந்த ஊருக்கு ஒன்றேகால் மணி நேரம். மூன்றாம் பீரியட் வரும்போது மார்பு கனத்து, ரவிக்கை நனைந்துவிடும். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பாடம் நடத்துவேன். இதையெல்லாம் முகநூலில் எழுதலாமா என்று யோசித்தேன். எழுதினால் என்ன? அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் இன்று பிள்ளை பெற்று வளர்த்துவிட்டீர்கள், உங்களுக்குப் புரியும்.

அந்த வருஷம் ஒரு நாள் வகுப்பில் சப்பாணிப் பருவம் நடத்தினேன். கை கொட்டிக் காட்டி, பிள்ளைகளையும் கொட்டச் சொல்லி, பக்கத்து வகுப்பு சார் எட்டிப் பார்க்கிற அளவுக்கு ஆரவாரம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், வாசலிலேயே என் அம்மா நின்றுகொண்டு, "உன் மக இன்னைக்குக் கை கொட்டினா, பதினோரு மணி இருக்கும்" என்றாள். பதினோரு மணி என்றால் நான் கரும்பலகை முன்னால் நின்ற நேரம்.

அம்மா அதைச் சொன்ன விதம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள், எந்தச் சத்தத்துக்குத் திரும்பினாள், எத்தனை தடவை கொட்டினாள், பிறகு எப்படிச் சிரித்தாள் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். நான் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. எனக்கு அன்றைக்கு அழுகையும் வந்தது, சந்தோஷமும் வந்தது. இரண்டில் எது அதிகம் என்று கேட்டால் சந்தோஷம்தான். பிள்ளை முதல் தடவை கை கொட்டியபோது வீட்டில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்திருக்கிறார். வேறு ஏதோ வேலையாக இருந்து, சத்தம் மட்டும் கேட்கவில்லை.

இதை மகளிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் இல்லாத நேரத்துல அவ நடந்துட்டான்னா மறைக்காம சொல்லிரு. சாயங்காலம் புதுசா நடக்குத மாதிரி எல்லாரும் சேந்து நடிக்க வேண்டாம்" என்றாள். வேலையில் சேருவதென்று அந்த ராத்திரி முடிவாயிற்று.

பிறகு நடந்தது ஏற்பாடு. கோவில்பட்டியிலிருந்து சம்பந்தி அம்மா மாதத்தில் பாதி நாள் இங்கே வந்து இருப்பதாகச் சொன்னார். என்னை "மதினி" என்றுதான் கூப்பிடுவார். எங்களுக்குள் எல்லாவற்றிலும் ஒத்துப்போகாது. அவருக்கு நாக்கில் தேன் தடவ வேண்டும், எனக்கு டாக்டர் சொன்னது வேண்டும். ஒரு வயதுக்குள் தேன் கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகளைக் குழந்தையின் குடல் தாங்காது என்று டாக்டர் சொன்னதை நானும் மகளும் மாறி மாறி விளக்கினோம். கடைசியில் அவரே, "பொறந்த நாளு முடியட்டும் மதினி, தேன் எங்க போயிரப் போகுது" என்றார். அவர் கிண்டும் கேப்பைக் கூழுக்கு முன்னால் என் பருப்புச் சாதம் எடுபடாது என்பதை நானும் ஒத்துக்கொண்டேன்.

இரண்டு வாரமாக ஒத்திகை நடக்கிறது. முதல் நாள் மகள் அரை மணி நேரம் வெளியே போனாள். பிறகு ஒரு மணி, இரண்டு மணி. நேற்று நான்கு மணி நேரம். சொல்லாமல் நழுவக் கூடாது, பிள்ளைக்குக் கையசைத்துச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று வைத்திருக்கிறோம். பி.எட். படித்தபோது பியாஜே என்ற அறிஞரை மனப்பாடம் செய்தோம். கண்ணுக்கு மறைந்த பொருளும் எங்கோ இருக்கிறது என்பது எட்டாம் மாதவாக்கில்தான் குழந்தைக்குப் பிடிபடத் தொடங்கும் என்றார் அவர். அது பிடிபட்ட பிறகுதான் இந்த அழுகை வருகிறது. அம்மா இல்லாமல் போகவில்லை, எங்கோ இருக்கிறாள், ஆனால் இங்கே இல்லை என்று தெரிகிற அறிவின் அழுகை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நான்கு நிமிஷம் அழுகிறாள். பிறகு தாத்தா குழாயைத் திறந்துவிடுகிறார். தண்ணீர் விழுவதைப் பார்த்ததும் அழுகை நின்றுவிடுகிறது.

"இன்னும் நடக்கலியா? எங்க பேரன் பத்து மாசத்துலயே ஓடினான்" என்று கேட்கும் உறவுகளுக்கு ஒரு சொல். உலக சுகாதார நிறுவனம் பல நாட்டுக் குழந்தைகளைக் கவனித்துச் சொன்ன கணக்குப்படி, துணையில்லாமல் நடப்பது எட்டு மாதத்திலிருந்து பதினேழரை மாதம்வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். "பேசலியா?" என்பவர்களுக்கும் ஒன்று. பக்கத்து ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசவில்லை என்றுதான் அவர் வரலாறு சொல்கிறது. பிறகுதான் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடினார். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் காட்டுவோம். பேரனோடு ஒப்பிட மாட்டோம்.

என் மாணவிகளில் இப்போது வயிற்றிலும் இடுப்பிலும் பிள்ளையோடு இருப்பவர்கள் பலர். தனியாரில் வேலை செய்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். 2017இல் வந்த சட்டத் திருத்தப்படி முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு தடவை போய்ப் பார்த்து வரலாம். தெரிந்து வைத்துக்கொண்டு கேளுங்கள். விடுப்பு என்ற சொல்லே இல்லாத தாய்மாரும் நம் ஊரில் உண்டு. மடியில் பிள்ளையும் முறத்தில் பீடி இலையுமாக உங்களில் எத்தனை பேரை உங்கள் அம்மாமார் வளர்த்தார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு முன்னால் என் தொண்ணூறு நாள் ஒன்றுமில்லை.

பிறந்த நாளுக்கு மண்டபம் எடுக்கவில்லை. வீட்டில் பாயசம், சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்கு இனிப்பு. மொட்டையும் காதுகுத்தும் பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலில், தாய்மாமன் மடியில். என் மகன் இப்போதே லீவு சொல்லிவிட்டான். வருகிறவர்கள் பொம்மை வாங்கி வர வேண்டாம். வீட்டில் இருக்கும் அலுமினியத் தட்டும் கரண்டியும் அவளுக்குப் போதும், எங்கள் காதுக்கு அதுவே அதிகம்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு மகள் கிளம்புகிறாள். பேத்தி இப்போது சோபாவைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஆறேழு அடி போகிறாள். நேற்று இரண்டு கையையும் விட்டுவிட்டு, நாலைந்து எண்ணும்வரை தனியாக நின்றாள். அடுத்தது வருகைப் பருவம். அது ஞாயிற்றுக்கிழமை வந்தால் எல்லாரும் பார்ப்போம். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வந்தால் நான் பார்த்து, மகள் பையை இறக்கி வைக்கும் முன்னால் ஒன்றுவிடாமல் சொல்வேன். அதற்காகவே கண்ணாடியைச் சரிபார்த்து வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் பிள்ளை எடுத்து வைத்த முதல் அடியை யார் பார்த்தார்கள்? கீழே எழுதுங்கள். மதியத் தூக்க நேரத்தில் படிக்கிறேன். எழுந்துவிட்டாள், வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தமிழ் டீச்சர்
பாளையங்கோட்டை