அடைப்பு

பாத்திரம் கழுவும் மிஷின் வந்து மூணு நாள். சிங்க்கில் தண்ணி இறங்க மாட்டேனென்கிறது. மிஷின் அழுக்குத் தண்ணியைத் தள்ளும்போதெல்லாம் சிங்க்குக்குள் கொப்பளித்து மேலே வருகிறது.

“அதுக்குன்னு ஆளுங்க இருக்காங்க சார், வரச் சொல்றேன்” என்றார் குடியிருப்போர் சங்கத்துக்காரர்.

எந்த ஆளுங்க என்று எனக்குத் தெரியும். எங்கப்பா அந்த ஆள்தான். நகராட்சிச் சாக்கடையில் இறங்கி எழுந்த உடம்பு. சோத்துல கை வைக்கிறதுக்கு முந்தி கையை மோந்து பார்ப்பார்.

“வேணாம் சார்” என்றேன்.

சிங்க்குக்கு அடியில் பக்கெட்டை வைத்து, வளைந்த குழாயைக் கழற்றினேன். உறைந்த எண்ணெய், சோற்றுப் பருக்கை. எல்லாம் பழைய அழுக்கு. கொஞ்சங்கொஞ்சமாய் ஊற்றியவரை தெரியவில்லை. மிஷின் மொத்தமாய்த் தள்ளியதும் தெரிந்துவிட்டது. தரையில் கிடந்த மிஷினின் கழிவுக் குழாயையும் உயரத் தூக்கிக் கட்டினேன். இல்லாவிட்டால் சாக்கடை மிஷினுக்குள்ளேயே திரும்பும்.

மனிதக் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம். பாதுகாப்பில்லாமல் சாக்கடையில் இறக்குவதையும் சேர்த்துத் தடுக்க 2013இல் இன்னொன்று. சாக்கடையில் செத்தால் 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்சநீதிமன்றம், 2023இல் 30 லட்சம் ஆக்கியது. சாவுக்குத் தொகை ஏறியிருக்கிறது. ‘ஆளுங்க இருக்காங்க’ என்கிற பேச்சு அப்படியே இருக்கிறது.

“நீங்களேவா கை வச்சீங்க?” என்றார் திரும்பி வந்தவர்.

“எங்க வீட்டு எச்சில்தானே சார்.”

தண்ணி சரசரவென்று இறங்கியது. சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, நானும் மோந்து பார்த்தேன்.