கட்டு பிரிக்கட்டும், அப்புறம் கையெழுத்து!

எங்கள் வீட்டு பீரோவில் ரேஷன் கார்டுக்கும் மகளின் மார்க் ஷீட்டுக்கும் நடுவே ஒரு இருபது ரூபாய் பத்திரத்தாள் இருக்கிறது. எல்லாம் டைப் அடித்திருக்கும். கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலி.

2016-ம் வருடம், ஆடி மாதம். என் கணவர் கோவை கணபதியில் ஒரு சின்னப் பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். மோட்டாருக்கு உள்ளே வைக்கிற தகடு அடிக்கும் வேலை. மொத்தம் ஆறு பேர்தான். மாதம் 9,500 ரூபாய் சம்பளம், கவரில் போட்டுத் தருவார்கள். விடியற்காலை நாலு மணிக்கு போன் வந்தது. வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன. அப்போது அவருக்கு 40 வயது.

முதலாளி கெட்டவர் இல்லை. தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பில் 62,000 ரூபாயையும் அவரே கட்டினார். இவரோ, "நைட் ஷிஃப்ட்ல கண் அசந்துட்டேன். எம் மேலதான் தப்பு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் நாள் பட்டறைக் கணக்குப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். ஒரு கவரில் 25,000 ரூபாய், கூடவே அந்தப் பத்திரம். 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்த இழப்பீடும் கோர மாட்டேன்' என்று எழுதியிருந்தது.

"உப்பிட்டவங்கள உள்ளளவும் நினைக்கோணும். போட்டுக் குடு கண்ணு" என்றார் என் மாமியார்.

எந்தக் கையால் போடுவது? வலது கை முழுக்கக் கட்டு. கணக்குப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து மை டப்பாவை எடுத்து, "இடது கை பெருவிரல் போதும்" என்று இவர் கையைப் பிடித்து இழுத்தார். எனக்கு அப்போது சட்டமும் தெரியாது, ஒன்றும் தெரியாது. மிச்சமிருந்த கையை இன்னொருவர் பிடித்து இழுத்ததைத்தான் தாங்க முடியவில்லை. "கட்டு பிரிக்கட்டுங்ணா. அப்புறம் கையெழுத்தே போட்டுக் குடுப்பாரு" என்றேன். அவர் பணத்தை எடுத்துக்கொண்டு, பத்திரத்தை வைத்துவிட்டுப் போனார்.

அன்று ராத்திரி மாமியார் என்னோடு பேசவில்லை. வாடகை பாக்கி இருந்தது. 25,000 ரூபாயைத் திருப்பி அனுப்பிவிட்டோமே என்று எனக்கும் தூக்கம் வரவில்லை.

நான் வீட்டில் பிளவுஸ் தைக்கிறேன். தைக்கக் கொடுக்க வந்த ஒரு அக்கா, வக்கீல் ஆபீஸில் வேலை பார்ப்பவர். பத்திரத்தை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தார். "இதுல கையெழுத்துப் போட்டிருந்தாலும் செல்லாது. இழப்பீடு வேண்டாம்னு எழுதி வாங்குற ஒப்பந்தமே செல்லாதுன்னு சட்டத்துல இருக்கு" என்றார்.

அந்தச் சட்டம் 1923-லேயே வந்தது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று இருந்த பெயரை 2009-ல் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று மாற்றினார்கள். பத்துப் பேருக்குக் குறைவான பட்டறை என்பதால் எங்களுக்கு இ.எஸ்.ஐ. கிடையாது. இருந்திருந்தால் அங்கேதான் கேட்க வேண்டும். இல்லாதவர்களுக்கு அப்போது இந்தச் சட்டம்தான் துணையாக இருந்தது.

அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னார். கண் அசந்தது, கவனக்குறைவு என்பதற்காக இழப்பீடு போய்விடாது. குடித்துவிட்டு வேலை செய்ததாலோ, பாதுகாப்புக்கு வைத்த கார்டைத் தொழிலாளியே வேண்டுமென்று கழற்றியதாலோ அடிபட்டால்தான் சிக்கல். எங்கள் பிரஸ்ஸில் கார்டை முன்பே கழற்றச் சொன்னது பட்டறைக்காரர்கள்தான், பீஸ் குறைகிறது என்று. முதலாளி கட்டிய 62,000 ரூபாயும் 2009 திருத்தப்படி அவர் தரவேண்டிய வைத்தியச் செலவுதான். இழப்பீட்டில் அதைக் கழிக்க முடியாது.

பிறகு ஒரு தாளில் கணக்குப் போட்டார். ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20 சதவிகித இழப்பு என்று சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் அப்போது 8,000 ரூபாய் வரைதான் கணக்கு. அதில் 60 சதவிகிதம் 4,800. நாற்பது வயதுக்கான காரணி 184.17. இரண்டையும் பெருக்கி, அதில் 20 சதவிகிதம். 1,76,803 ரூபாய் வந்தது.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு இவர் வெகுநேரம் பேசவில்லை. "இத்தனையா?" என்று மட்டும் கேட்டார்.

முதலில் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினோம். பதில் இல்லை. தொழிலாளர் துறை ஆணையரிடம் மனுப் போட்டோம். அடிபட்ட நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும் என்பது கணக்கு. சம்பள ரசீது எதுவும் எங்களிடம் இல்லை. கைகொடுத்தவை இரண்டுதான். 'வேலை செய்யும்போது பிரஸ்ஸில் கை மாட்டியது' என்று ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருந்த ஒரு வரி. பக்கத்து மெஷின்காரர் வந்து சொன்ன சாட்சி. வேலை போய்விடுமோ என்ற பயத்தோடுதான் அவர் வந்தார். அவரை இன்றும் மறக்கவில்லை.

மூன்றாவது வாய்தாவில் முதலாளி ஒப்புக்கொண்டார். முழுத் தொகையையும் 12 சதவிகித வட்டியோடு ஆணையர் அலுவலகத்தில் கட்டினார். அபராதமும் கேட்கலாம் என்றார்கள். "பதினோரு வருஷம் சோறு போட்ட எடம், வேண்டாமுங்க" என்று இவர் சொல்லிவிட்டார். நான் குறுக்கே பேசவில்லை.

வெளியே வேப்ப மரத்தடியில் முதலாளி இவரிடம் வந்தார். "இதுக்கு இவ்வளவு தூரம் வரோணுமா? கேட்டிருந்தா நானே குடுத்திருப்பனே."

"எவ்வளவு கேக்கோணும்னு எங்களுக்குத் தெரியாதுங்களே" என்றார் இவர்.

அந்தப் பணத்தில் வாடகை பாக்கியை அடைத்தோம். மிச்சம் மகளின் நர்ஸிங் படிப்புக்குப் போனது. இவர் இப்போது ஒரு குடோனில் ஸ்டாக் எழுதுகிறார், இடது கையால். கணக்கில் எடுக்கும் சம்பள வரம்பு 2020-ல் 15,000 ரூபாயாக உயர்ந்தது. அந்தப் பழைய சட்டத்தை 2020-ம் வருடத்து சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்த்திருக்கிறார்கள்.

பட்டறையில் அடிபட்டவர் வீட்டிலிருந்து யாராவது விவரம் கேட்டு இன்றும் வருவார்கள். பெரும்பாலும் பெண்கள்தான். "மொதலாளி நல்லவருங்க, எப்படிக் கேக்கறது?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். முதலில் டீ போட்டுக் கொடுப்பேன். அப்புறம் பீரோவைத் திறந்து அந்தப் பத்திரத்தை எடுத்துக் காட்டுவேன்.

"இது மாதிரி ஒண்ணு வந்தா, கட்டு பிரிக்கட்டும்னு சொல்லுங்க அம்மணி" என்பேன்.