அளக்கும் கருவியை அளப்பவர் யார்?

சந்தையிலே மீன் வாங்கும்போது தராசு சற்றுச் சாய்ந்து நின்றால், நாம் உடனே வாய் திறந்து கேட்டுவிடுகிறோம். அரசாங்கமும் வாளாவிருக்கவில்லை, வியாபாரத் தராசுகளைச் சரிபார்த்து முத்திரையிடுவதற்கு 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இருக்கின்றது. ஆனால், மின்சாரத்தை அளக்கும் பல்மானி இலக்கத்திலே விடை சொல்லிவிட்டால், அதனை எதிர்த்துக் கேட்பவர் எவருமிலர்.

திருகோணமலையிலிருந்து வடக்கே புல்மோட்டைக்குப் போகும் கரையோரப் பாதையிலுள்ளது எங்கள் குச்சவெளி. இரவிலே கடலுக்குப் போகும் வள்ளத்தின் விளக்குக்கு 12 வோல்ற்றுப் பற்றறியே துணை. ஒருநாள் மாலை அயலவர் ஒருவர் தம் பற்றறியை என்னிடம் சுமந்து வந்தார். பல்மானி 12.60 என்று காட்டிற்று.

“தம்பி, இதை நம்பிப் போகலாமோ?” என்றார்.

“கொஞ்சம் இருங்கோ அண்ணை, முதலில் மானியைச் சோதிப்போம்” என்றேன்.

முழுதும் மின்னேறிய ஈய அமிலப் பற்றறி, ஓய்விலிருக்கும்போது ஏறக்குறைய 12.6 வோல்ற்றுக் காட்டும். 12.0 ஆயின், பெரும்பகுதி தீர்ந்துவிட்டதென்றே கொள்ளலாம். அரை வோல்ற்று வித்தியாசத்திலே ஓர் இரவின் வெளிச்சம் அடங்கியிருக்கின்றது.

சாதாரணப் பல்மானியொன்றின் கைந்நூலைப் புரட்டினால், நூற்றுக்கு அரை வீதமும் கடைசி இலக்கத்தில் இரண்டும் பிழைக்கலாம் என்று எழுதியிருக்கும். அதன்படி 12.60 என்பது 12.52 முதல் 12.68 வரை எதுவாகவும் இருக்கலாம். அது பெரிய குற்றமன்று. மானியின் உள்ளேயுள்ள 9 வோல்ற்றுக் கலம் தளர்ந்துவிட்டாலோ, மலிவான மானிகள் பல உள்ளதைக் காட்டிலும் மிகுத்துக் காட்டும். தான் சோர்ந்த கருவி, சோர்ந்த பற்றறியைப் புகழ்ந்து பேசும்!

ஆகவே அந்தக் கலத்தைப் புதிதாக மாற்றினேன். உப்புக் காற்றிலே களிம்பேறிய முனைகளைத் துடைத்து, இரண்டையும் ஒன்றோடொன்று தொடுத்துத் தடையைப் பார்த்தேன். இலக்கம் துள்ளாமல் நின்றமையால் கம்பிகளில் முறிவில்லை. பின்னர், சரியாக 5 வோல்ற்றுத் தரும் நியமச் சில்லொன்றை அளந்தேன். 5.01 என்றது, ஏற்கத்தக்க பிழையே. அதன் பின்பு பற்றறியை அளந்தபோது 12.31தான் வந்தது. அது கடலுக்குப் போகாமல் மின்னேற்றப் போயிற்று.

அந்தச் சில்லையும் எப்படி நம்புவது? அதனைவிடச் சிறந்த மானியோடும், அம்மானியை ஆய்வுகூட நியமத்தோடும் ஒப்பிட வேண்டும். இப்படியே மேலே ஏறினால், 1962இல் பிரயன் ஜோசப்சன் முன்னறிவித்த விளைவிலே போய் நிற்போம். 1990 ஜனவரி முதலாக உலகின் நியம ஆய்வுகூடங்கள் அதனைக் கொண்டே வோல்ற்றைப் பேணி வருகின்றன.

வீட்டு மின்சாரத்திலோ இச்சோதனை இன்னும் அவசியம். 230 வோல்ற்றுக் கம்பியிலே மானி பூச்சியம் காட்டினால், கம்பியில் மின் இல்லையென்பதும் பொருளாகலாம். மானி பழுதென்பதும் பொருளாகலாம். ஆதலால் தொழிலறிந்தோர் மின் உண்டென்று தெரிந்த இடத்தில் முதலில் மானியைச் சோதிப்பர். பின்பு வேலைக்குரிய கம்பியை அளப்பர். மறுபடியும் தெரிந்த இடத்துக்கே வந்து மானி இன்னும் உயிரோடிருப்பதை உறுதி செய்துகொள்வர்.

தராசை நம்பி ஏமாந்தால் போவது காசு. இங்கே போவது உயிர்.