முளைக்குச்சி முக்கியம், மகனே!

பாண்டிச்சேரியிலிருந்து மரக்காணம் பஸ் ஏறினால், சில்லறை வாங்குவதற்குள் பொம்மையார்பாளையம் வந்துவிடும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் செம்மண் மேடு. அங்கே என் ஆபீஸ் நண்பருக்கு மிச்சமிருந்த சொத்து, ஒரு மாட்டுக்கொட்டகை.

'இடிச்சிட்டு கான்கிரீட் போடு!' என்றது சொந்தபந்தம்.

கொத்தனார் தலையாட்டினார். "உப்புக் காத்து சார்! கம்பி துருவேறி காரை பேந்துக்கும். பனங்கைக்கு அந்தத் துரு பயம் இல்லை."

பனங்கை தப்பித்தது. 1968-ல் பிறந்த பக்கத்து ஆரோவில்லில், செம்மண்ணோடு கொஞ்சம் சிமென்ட் கலந்து, சூளையில் சுடாமல் அழுத்தியே கல் செய்கிறார்கள். சுவருக்கு அது. கழுநீர்த் தொட்டி வாஷ்பேசின் ஆனது!

முட்டுக்காடு தட்சிணசித்ராவில் (1996) பழைய வீடுகளைப் பிரித்து வந்து நிறுத்தியிருப்பதை டிக்கெட் வாங்கிப் பார்க்கிறோம். இங்கே இலவசம்.

நண்பரின் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "லட்சுமி பாலை வித்துதான்டா நீ படிச்சே. அதைக் கட்டின முளைக்குச்சியை மட்டும் பிடுங்காதே."

ஹால் நடுவே நிற்கிறது. தடுக்கி விழாமல் யாரும் உள்ளே போவதில்லை!